எடை மேடையில் ஏற்றிய பழி

‘தி பிக்கஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி 2004-இல் தொடங்கியது. பருத்த உடம்புக்காரர்களைப் பெரிய எடை மேடையில் ஏற்றுவார்கள்; ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். திரையில் எண்கள் ஏறி இறங்கி ஆட்டம் காட்டும்போது, மேடையில் இருப்பவர் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார். போதிய அளவு இளைக்காதவர் மூட்டை கட்ட வேண்டிவரும். லட்சக்கணக்கானோர் இதைப் பார்த்தார்கள்.

அந்த மேடையில் நடந்தது அநீதி. அதைத் தயங்காமல் சொல்கிறோம்.

அதில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு மீண்டும் சோதித்தது. முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. போட்டியில் சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. ‘பழைய தீனிதான்’ என்று ஊர் சொல்லும். ஆனால் சும்மா படுத்திருக்கும்போது அவர்கள் உடம்பு எரித்த கலோரி, அவர்களுடைய எடைக்கும் வயதுக்கும் எரிக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 குறைவு. ஒரு வேளைச் சாப்பாடு! அடுத்தவர் உண்பதையே இவர்கள் உண்டாலும் உடம்பில் மிச்சம் விழும்.

பசியும் அவர்களுக்கு எதிராகவே நின்றது. உடலின் கொழுப்பு லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. நியூயார்க்கில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு 1994-இல் இதன் மரபணுவைக் கண்டறிந்தது. கையிருப்பு எவ்வளவு என்று மூளையின் ஹைப்போதாலமஸுக்குக் கணக்குச் சொல்வது இதுதான். போட்டி முடிந்தபோது அவர்கள் ரத்தத்தில் அது ஏறக்குறைய வற்றியிருந்தது. மூளைக்கு அது பஞ்சம். பஞ்சத்தில் மூளை செலவைச் சுருக்கும், பசியைக் கிளறும். நம் முன்னோர் பிழைத்தது அந்த ஏற்பாட்டால்தான். மெல்போர்ன் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு ஆன பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

முயற்சி வீண் என்று இதற்குப் பொருளல்ல. நடையும் உழைப்பும் உடம்புக்கு நல்லவை, ஐயமில்லை. தோற்றவரைக் குற்றவாளி ஆக்குவதைத்தான் கண்டிக்கிறோம். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தியவருக்கு அழுத்தம் ஏறினால், ‘உனக்கு மன உறுதி இல்லை’ என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. எடை குறைக்கத் தரப்படும் செமகுளுடைட் ஊசியை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியதை ஆய்வு காட்டியிருக்கிறது. இதுவும் அதுவும் ஒன்றுதானே?

இளைத்து, மறுபடி பருத்து, கூனிக்குறுகி வந்து உட்காருகிறவரிடம் ‘வாயைக் கட்டுங்க’ என்று சொல்லும் வழக்கத்தை மருத்துவர்கள் இன்றே கைவிட வேண்டும். “இப்போ பசி எப்படி இருக்கு?” என்று முதலில் கேளுங்கள். பதிலை முழுவதும் கேட்ட பிறகு எடை பாருங்கள்.