மருந்து என்றொரு பொய்ப்பெயர்

பயிருக்குத் தெளிக்கும் நஞ்சுக்கு நமது மலையகத்தில் வழங்கும் பெயர் 'மருந்து'. சிங்கள விவசாயியும் அதனைப் 'பெஹெத்' என்றே அழைக்கிறார். கொல்லும் பொருளுக்குக் குணமாக்கும் பொருளின் பெயரைச் சூட்டிய பின்னர், ஒரு மூடி போதுமான இடத்தில் இரண்டு மூடி கலப்பது தவறாகத் தோன்றுமா?

கண்டிச் சந்தைக்கு வரும் போஞ்சியும் தக்காளியும் கறிமிளகாயும் மாரஸ்ஸன, ஹேவாஹெட்ட, ஹங்குராங்கெத்த போன்ற இடங்களின் திறந்தவெளிச் சரிவுகளில் விளைகின்றன. கோவாவும் லீக்ஸும் நுவரெலியாவிலிருந்து இறங்குகின்றன. காலையில் தெளித்ததை மாலை மழை கழுவிச் செல்ல, மறுநாள் மீண்டும் தெளிக்கின்றனர். கழுவப்பட்டது எங்கே போகிறது? நுவரெலியாச் சரிவுகளின் நீரைக் கொத்மலை ஓயா மகாவலியில் சேர்க்கிறது. கண்டி குடிப்பது அந்த மகாவலியைத்தான்.

கூடுதலாகத் தெளித்தால் பூச்சி ஒழியும் என்பதும் வெறும் நம்பிக்கையே. கோவாவைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி டி.டி.டி.யைத் தாங்கி நிற்பது 1950களிலேயே ஜாவாவில் கண்டறியப்பட்டது. அதன் பின்னர் வந்த இரசாயன வகைகளுள் பெரும்பாலானவற்றை உலகின் ஏதோவொரு மூலையில் அது வென்றுவிட்டது. தோற்றவர்கள் மனிதர்கள்தாம்.

இதற்காக விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது; நியாயமன்று. போதனாசிரியர் எட்டாத தோட்டத்தில் ஆலோசகராக இருப்பவர் மருந்துக் கடைக்காரர். கடனுக்குக் கொடுப்பவரும் அவரே. விற்பவரே வைத்தியராகவும் இருந்தால் நோயாளிக்கு என்ன கதி? புழு துளைத்த ஒரு கத்தரிக்காயைக் கண்டால் முகம் சுளித்து, பளபளக்கும் காயையே பொறுக்கியெடுக்கும் நகரத்தாருக்கும் இதில் பங்குண்டு. ஒரு நாட்கூலிக்காக நஞ்சுக் கலத்தை முதுகில் சுமந்து செல்லும் தோட்டத் தொழிலாளியைப் பற்றி இவர்களுள் எவருக்கும் கவலையில்லை. போத்தலின் சுட்டுத்துண்டில் பொடி எழுத்தில் தமிழ் அச்சாகிவிட்டால் கடமை முடிந்துவிட்டதாம்!

இதனைப் பேசத் தொடங்கினால் உடனே 2021ஐ நினைவூட்டி வாயை அடைக்கின்றனர். அவ்வாண்டு மே மாதம் இரசாயனப் பசளையினதும் விவசாய இரசாயனங்களினதும் இறக்குமதியை அரசாங்கம் ஒரே வர்த்தமானியால் நிறுத்தியதும், விளைச்சல் சரிந்ததும், நவம்பரில் அத்தடையை நீக்க நேர்ந்ததும் உண்மையே. ஆனால் அந்த மூடத்தனம் கட்டுப்பாட்டின் தோல்வியன்று, ஆயத்தமின்மையின் தோல்வி.

கட்டுப்பாடு வென்ற வரலாறும் இந்நாட்டுக்கு உண்டு. மெத்தமிடோபொஸ், மொனோகுரொட்டோபொஸ் ஆகியவை 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் தடைசெய்யப்பட்டன. 1995இல் ஒரு இலட்சம் பேருக்கு 47 என்றிருந்த தற்கொலை வீதம் அடுத்த இருபது ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்களவுக்கு இறங்கியது. அந்தத் தடைகளால் நாட்டின் விளைச்சல் குறைந்ததற்குச் சான்றில்லை என்று, பீடைகொல்லிப் பதிவாளராக இருந்த காமினி மனுவீரவும் பிற ஆய்வாளர்களும் 2008இல் எழுதினர். ஒவ்வொன்றாக, காரணம் காட்டி, மாற்று வழியை விட்டுவைத்துத் தடுத்ததால் கிடைத்த வெற்றி அது.

ஆயினும் அந்த வெற்றி ஒரேயடியாக விழுங்கப்படும் நஞ்சுக்கு எதிரானது. நாள்தோறும் சோற்றோடு சிறிது சிறிதாக உட்கொள்ளப்படும் நஞ்சை யார் கணக்கெடுக்கிறார்கள்? தெளித்த பின் இத்தனை நாள் கழித்தே பறிக்கவேண்டும் என்பது விதி. சந்தையில் விலை ஏறிய மறுகணமே அந்த விதி காற்றில் பறக்கிறது. நமது காய்கறித் தோட்டங்களில் நெடுங்காலம் புழங்கிய பங்கசுகொல்லியான மான்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் மறுத்தது. அந்நியர் தட்டுக்கு ஆகாதது நம்முடைய தட்டுக்கு மட்டும் எப்படி ஆகும்?

1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தைச் செயற்படுத்தும் பதிவாளர் அலுவலகம் இருப்பது கெட்டம்பேயில். விவசாயத் திணைக்களத்தின் தலைமையகமும் விவசாய பீடத்தைக் கொண்ட பல்கலைக்கழகமும் பேராதனையில். கண்டிச் சந்தையிலிருந்து இவற்றுக்குச் சில கிலோமீற்றர் தூரமே. இத்தனை அறிவும் அதிகாரமும் அருகில் குவிந்திருக்க, நேற்று வாங்கிய போஞ்சியில் என்ன எஞ்சியிருந்தது என்பதை அறியும் வழி கண்டிக் குடும்பத்தலைவிக்கு இல்லை.

கேட்பது பெரிதன்று. வாரந்தோறும் சந்தையில் மாதிரி எடுங்கள், சோதியுங்கள், எந்தப் பிரதேசத்தின் எந்தக் காயில் எவ்வளவு எஞ்சியிருந்தது என்று மும்மொழியிலும் சந்தை வாசலில் ஒட்டுங்கள். காத்திருந்து பறித்தவருக்கு நல்ல விலை கிடைக்க வழிசெய்யுங்கள். தமிழ் பேசும் போதனாசிரியரைத் தோட்டத்துக்கு அனுப்புங்கள். அதுவரை நாமாவது நஞ்சை நஞ்சென்று அழைப்போம்.