குரலும் உழைப்பே

டிஸ்கோ இசை வெறும் களியாட்டக் கூச்சல், அதிலே சமுதாயப் பிரச்சினை ஏது என்று வினவும் அறிஞர் நம்மிடையே உளர். அவர்கள் லொலீற்றா ஹொலோவேயின் கதையைக் கேட்கட்டும்.

சிக்காகோவிலே தேவாலயப் பாடகர் குழுவிற் பாடி வளர்ந்த கறுப்பினப் பெண் அவர். 1980இல் வெளிவந்த அவரது 'லவ் சென்சேஷன்' இசைத்தட்டில் சோல் இசையின் உருக்கமும் டிஸ்கோவின் துள்ளலும் ஒருங்கே ஒலித்தன. 1989இல் 'பிளாக் பொக்ஸ்' என்ற இத்தாலியக் குழு, அத்தட்டின் தலைப்புப் பாடலிலிருந்து அவர் குரலை வெட்டியெடுத்துத் தனது 'ரைட் ஒன் ரைம்' பாடலிற் பொருத்தியது. பிரித்தானியாவில் அப்பாடல் ஆறு வாரங்கள் முதலிடம் வகித்தது. தொலைக்காட்சியில் வாயசைத்தவரோ ஒரு மொடல் அழகி! உண்மையிற் பாடியவர் சட்டத்தரணிகளை நாடிய பின்னரே இழப்பீடு கிட்டியது.

வெட்டி ஒட்டுவதும் கலையே என்பர். ஆகலாம். ஆனால், பாடியவரின் பெயரை மறைப்பது எந்தக் கலை? நெசவாளியின் துணியைப் பறித்தால் களவு. பாடகியின் மூச்சைப் பறித்தால் புதுமையா?

இசையிற் சமுதாயப் பிரச்சினை ஏது என்போரே, இதோ இருக்கிறது. பாட்டை ரசிக்குமுன், பாடியவர் யார், கூலி பெற்றவர் யார் என்று கேளுங்கள்.