மலையை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தது போதும்

பள்ளியில் படிக்கும்போது நீங்கள் போன 'கல்விச் சுற்றுலா' ஞாபகம் இருக்கிறதா? எங்களுக்குப் பெரும்பாலும் கொடைக்கானல்தான். படகு சவாரி, சாக்லேட், குரூப் போட்டோ, இறங்கும்போது பாதிப் பேருக்கு வாந்தி. மலைக்குப் போனோமா? போனோம். மலையில் நடந்தோமா? ஏரியிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை நடந்தோம் :) அதில் கல்வி எங்கே இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒரு முறை மட்டும் வேறு மாதிரி நடந்தது. 2018 ஜனவரி, அப்போது நான் ஏழாம் வகுப்பு. எங்கள் அறிவியல் சார் பதினைந்து பேரை மட்டும் திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும் சிறுமலைக்குக் கூட்டிப் போனார். அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வழிகாட்ட வந்தார். மொத்த நடை மூன்று கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஆனால் காலை முழுக்க ஆனது. பத்தடிக்கு ஒருமுறை சார் நிறுத்திவிடுவாரே!

ஓரிடத்தில் சருகை விலக்கி மண்ணைத் தொடச் சொன்னார். மழை நின்று பல நாள் ஆகியும் உள்ளே ஈரம். "இந்த ஈரம்தான் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு ஓடையா கீழே வருது" என்றார். காடு தண்ணீரைச் சேமிக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். அது உண்மை என்று என் விரலுக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

இன்னொரு இடத்தில் வண்ண வண்ணமாகப் பூத்த ஒரு புதர். ஆசையாகப் பறிக்கப் போனோம். அது உண்ணிச்செடியாம். ஆங்கிலேயர் காலத்தில் தோட்ட அழகுக்காக வெளிநாட்டிலிருந்து வந்து, நம் காடுகளில் பரவி, மானும் காட்டுமாடும் மேயும் புல்லை வளரவிடாமல் செய்கிறது. பெரியவர் அவர் பங்குக்கு வாழைக் கதை சொன்னார். ஒரு காலத்தில் மலை முழுக்க வாழைதானாம், முடிக்கொத்து நோய் வந்து பெரும்பகுதி அழிந்துவிட்டதாம். இப்போது பி.காம். வகுப்பில் புவிசார் குறியீடு பற்றிப் பாடம் வருகிறது. சிறுமலை வாழைக்கும் அந்தக் குறியீடு உண்டு. மற்றவர்கள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். எனக்கு அந்தப் பெரியவர் முகம் ஞாபகம் வருகிறது.

அதற்கு அடுத்த நடை நடக்கவே இல்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ. மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எங்கள் பள்ளி அதோடு மலையேற்றத்தை நிறுத்திவிட்டது. பெற்றோரின் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அந்தச் செய்தி வந்த ராத்திரி என் அம்மாவும் தூங்கவில்லை.

ஆனால் குரங்கணி சொன்ன பாடம் 'மலைக்குப் போகாதே' என்பதா? புல் காய்ந்து கிடக்கும் மாதத்தில் போகக்கூடாது, அனுமதி இல்லாத பாதையில் போகக்கூடாது, காட்டை அறிந்த ஆள் இல்லாமல் போகக்கூடாது என்பதுதானே? அரசும் சும்மா இருக்கவில்லை. அதே வருடம் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தார்கள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளோடு அனுப்புகிறார்கள்.

அதனால் பள்ளிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சிகரம் எல்லாம் வேண்டாம். பக்கத்து மலை, எளிய பாதை, மழைக்காலம் முடிந்து வெயில் ஏறுவதற்கு முன் ஒரு நாள். ஐந்து பஸ் பிள்ளைகள் வேண்டாம், பதினைந்து பேர் போதும். இருநூறு பேர் போனால் காட்டில் கேட்பது நம் சத்தம் மட்டும்தான். வனத்துறை அனுமதி, முதலுதவிப் பெட்டி, பெற்றோர் சம்மதம் மூன்றும் கட்டாயம். செலவுக் கணக்குப் போட்டால் தீம் பார்க் டிக்கெட்டை விடக் குறைவாகத்தான் வரும், காமர்ஸ்காரன் சொல்கிறேன் நம்புங்கள் :)

என் தம்பி அதே பள்ளியில் இப்போது எட்டாவது. இந்த வருடமும் தீம் பார்க்தான். போன வாரம் அவனிடம் உண்ணிச்செடிப் படம் ஒன்றைக் காட்டினேன். "சூப்பரா இருக்கேண்ணா, நம்ம வீட்டு மாடியில வைக்கலாமா?" என்று கேட்டான்.

அவனைக் குறை சொல்ல முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.