என்ன மாஸ்டர், இளைச்சுட்டீங்க?

நம்ம ஆளுங்க ஒருத்தரைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி "என்ன, இளைச்சுட்டீங்க?" கேட்கிறவருக்கு அது பாசம்தான். ஆனா எதிர்ல நிக்கிறவர் முன்னாள் ஆணழகனா இருந்தா? அது குத்துங்க, குத்து.

தில்லை நகர்ல எங்க கிராஸ்ல ஒரு மாஸ்டர் இருக்கார் (பேர் வேணாமே). பொன்மலை ரயில்வே பட்டறையில வேலை, சாயங்காலம் ஜிம். எண்பதுகள்ல மாவட்ட ஆணழகன் போட்டிகள்ல கோப்பை வாங்கினவர். பள்ளிக்கூடம் படிக்கிறப்போ அவர் சைக்கிள்ல போறதைப் பார்த்து சைக்கிளுக்காகப் பரிதாபப்படுவோம் :-) இப்போ அறுபத்தஞ்சு தாண்டியாச்சு. சட்டைக் கையில இன்னொரு ஆள் நுழையலாம்.

போன மாசம் சாஸ்திரி ரோடு டீக்கடையில ஒரு பெரியவர், "என்ன மாஸ்டர், இப்படி ஆயிட்டீங்க? சுகரா?"ன்னு சத்தமா கேட்டுட்டார். மாஸ்டர் சிரிச்சு வச்சார். திரும்பி நடந்து வரும்போதுதான் சொன்னார்: "இந்த வருஷம் மூணு கல்யாணத்துக்குப் போகலை தம்பி. பந்தியில உட்கார்ந்தா இதே பேச்சு. ஒரு பையன் ஊசி போட்டுக்கங்க, மூணே மாசத்துல பழைய உடம்பு வந்துடும்கிறான். ஒரு வாரமா அதையேதான் யோசிச்சிட்டிருக்கேன்."

எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. இந்த வயசுல ஸ்டீராய்டா? இதயச் சுவர் தடிச்சுப் போகும், ரத்த அழுத்தம் எகிறும், உடம்பு தானா சுரக்கிற ஹார்மோனும் நின்னுடும். இதெல்லாம் அவருக்குத் தெரியாதா என்ன? பத்துப் பேருக்கு அவரே சொல்லித் தடுத்தவர். நம்ம விசாரிப்பு ஒரு மனுஷனை எங்கே கொண்டு நிறுத்துது பாருங்க.

தசைங்கிறது உடம்புக்குச் செலவு வைக்கிற சமாச்சாரம். கனமா எதையாவது தொடர்ந்து தூக்கிட்டு இருந்தாத்தான் உடம்பு அதை வச்சுக்கும். பளுவைக் குறைச்சா தசை நார்கள் மெலிஞ்சுடும். முப்பது நாப்பதுலயே மெதுவா ஆரம்பிச்சு, அறுபதுக்கு மேல வேகம் பிடிக்கிற விஷயம் இது. வியாதி இல்லாதவங்களுக்கும் இதேதான். "விட்டா தசையெல்லாம் கொழுப்பா மாறிடும்"னு ஒரு கதை சுத்திக்கிட்டிருக்கே, அது சுத்தப் பொய். ரெண்டும் வேற வேற திசு. தண்டால் பஸ்கியை விட்டவங்க, பதினஞ்சு முட்டையை மட்டும் விடாம இருந்தா தொப்பை வராம என்ன செய்யும்?

டோரியன் யேட்ஸ்னு ஒரு இங்கிலாந்துக்காரர். 1992-லேர்ந்து 1997 வரைக்கும் வரிசையா ஆறு தடவை மிஸ்டர் ஒலிம்பியா. மேடையில 110 கிலோவுக்கு மேல நின்னவர். கை தசை கிழிஞ்சு ஓய்வு பெற்ற பிறகு அந்த அளவைத் துரத்தலை. யோகா, சைக்கிள்னு மாறிட்டார். அடுத்து வந்த ரோனி கோல்மன் 1998-2005-ல எட்டுத் தடவை ஜெயிச்சவர். முதுகுல அறுவை மேல அறுவை, ஊன்றுகோல் வந்தாச்சு, ஆனா ஜிம்மை விடலை. ரோனியைத்தான் நாம "வெறித்தனம்"னு கொண்டாடுவோம். யேட்ஸைப் பார்த்தா? "இளைச்சுட்டாரே" தான்!

இவங்க எதுக்கு, நம்ம மனோகர் அயிச் போதாதா? வங்காளத்துக்காரர். உயரம் 4 அடி 11 அங்குலம். 1952-ல நாப்பது வயசுல லண்டன்ல குள்ளமானவர்கள் பிரிவுல மிஸ்டர் யுனிவர்ஸ். 2016-ல 104 வயசுல கண்ணை மூடினார். நூறு வயசுல எடுத்த படம் ஒண்ணு இருக்கு. தோல் தொங்குது, மார்பு சுருங்கிடுச்சு, ஆனா மனுஷன் புஜத்தை மடக்கிக் காட்டிச் சிரிக்கிறார். கூச்சம்னு ஒரு துளி இல்லை.

அந்தப் படத்தை மாஸ்டர்கிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "தோள் இன்னும் நிமிர்ந்துதான் இருக்கு"ன்னார். அவ்வளவுதான். ஊசிப் பேச்சை அதுக்கப்புறம் எடுக்கலை.

போன ஞாயித்துக்கிழமை பழைய சட்டை நாலைத் தூக்கிக்கிட்டு டெய்லர் கடைக்குக் கிளம்பினார், ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தைக்க. அடுத்த வாரம் உறையூர்ல ஒரு கல்யாணமாம். துணைக்கு நானும் போனேன். டெய்லர் மார்பளவு எடுத்துட்டு, டேப்பைப் பார்த்து, மாஸ்டரைப் பார்த்து, ஏதோ கேட்க வாயைத் திறந்தார்.

நான் முறைச்ச முறையில, "பட்டன் மாத்தணுமா சார்?"னு கேட்டுட்டார்.