பேரிக்காய்க்குள் ஒரு மருந்து

இருமல் வந்தால் நம் வீட்டில் கற்பூரவள்ளி, பக்கத்து வீட்டில் பேரிக்காய். சென்ற மாதம் அம்மா ஒரு வாரமாக வறட்டு இருமலில் அவதிப்பட்டார். சுவர் வழியே கேட்டிருக்க வேண்டும், சீன ஆண்ட்டி மூடிபோட்ட கிண்ணத்துடன் வந்து நின்றார்.

பேரிக்காயின் தலையைச் சீவி, விதைப்பகுதியைக் குடைந்தெடுத்து, அந்தக் குழியில் சுவான் பெய் பொடியும் கல்கண்டும் போட்டு, சீவிய தலையாலேயே மூடி, முக்கால் மணி நேரம் ஆவியில் வேகவைத்தது. சுவான் பெய் பூண்டுப்பல் போன்ற சின்ன வெள்ளைக் கிழங்கு. விலையோ பூண்டு விலையல்ல!

சீன மருத்துவத்தில் எல்லா இருமலும் ஒன்றல்ல. தொண்டை வறண்டு, சளி மஞ்சளாகக் கெட்டிப்பட்டால் அது உஷ்ண இருமல். பேரிக்காயும் சுவான் பெய்யும் அதற்குத்தான். வெள்ளையாக நீர்த்த சளி, குளிர் நடுக்கம் என்றால் இஞ்சியும் பழைய ஆரஞ்சுத் தோலும். மாற்றிக் கொடுத்தால் பயனில்லை என்பார்கள்.

அம்மாவுக்குப் பிடித்துப்போனது. பாட்டிலில் விற்கும் பெய் பா கோவா பாகும் வாங்கி வரச் சொன்னார். சீன மருந்துக்கடைக்காரர் எடுத்துக் கொடுக்குமுன் கேட்டார்: "பிரஷர், இனிப்புநீர் இருக்கா?" இரண்டும் உண்டு. பாட்டிலை மீண்டும் அலமாரியில் வைத்துவிட்டார். பாகில் தேனும் சர்க்கரையும் அதிகம், அதிமதுரமும் சேரும். நம் சித்த மருந்திலுள்ள அதே அதிமதுரம்தான். நாள்கணக்கில் அதிகம் சாப்பிட்டால் இரத்த அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தைக் குறைக்கும். விற்க மறுத்த கடைக்காரரை அன்றுதான் பார்த்தேன்.

குழந்தை இருக்கும் வீடுகளுக்கு இன்னும் கவனம் தேவை. ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தேன் கலந்த எதுவும் கூடாது. சூப்பில் போடும் கசப்புப் பாதாம் உண்மையில் ஆப்ரிகாட் விதைப் பருப்பு. அளவு மீறினால் உடலில் சயனைடு உருவாகும். மாஹுவாங் என்ற மூலிகையில் எபிட்ரின் இருப்பதால் இதய நோயாளிகள் தொடவே வேண்டாம். மலேசியாவில் பாட்டில் வாங்கினால் எம்.ஏ.எல். பதிவு எண் இருக்கிறதா, அதன் முடிவில் 'டி' எழுத்து உண்டா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்துக்கான அடையாளம் அது.

இரண்டு வாரம் தாண்டிய இருமல், சளியில் இரத்தம், மூச்சுத் திணறல் என்றால் பேரிக்காயை நம்பாமல் கிளினிக்குக்குப் போங்கள். காசநோய் இங்கே இன்னும் ஒழியவில்லை.

அம்மா பத்தாம் நாள் தேறிவிட்டார். பேரிக்காயாலா, இருமல் தானே ஓய்ந்ததா, சொல்லத் தெரியவில்லை. கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தர மனம் வராமல், ஒரு கொத்துக் கற்பூரவள்ளி வைத்துக் கொடுத்தனுப்பினார்.