ஜன்னலை இழுத்தால் நடுங்குவது ஏன்?

கம்ப்யூட்டர் திரையில் புரோகிராம் ஓடும் கட்டத்துக்கு "ஜன்னல்" என்று பெயர். மவுசால் அதன் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஜன்னல் பெரிதாகும். உள்ளே தள்ளினால் சிறிதாகும்.

குழந்தைகூடச் செய்யும் வேலைதான். ஆனால், இழுக்கும்போது சில சமயம் ஓரத்தில் கறுப்புப் பட்டை தெரிகிறது. எழுத்துக்கள் நடுங்குகின்றன. இடது ஓரத்தை இழுத்தால், தொடாத வலது ஓரம் ஆடுகிறது!

இலவசமாகக் கிடைக்கும் "லினக்ஸ்" கம்ப்யூட்டர்களில் இந்தக் கோளாறு வெகுகாலமாக உண்டு.

தச்சரும் ஓவியரும்

காரணம் என்ன? ஜன்னலின் அளவை மாற்றுவது ஒரு புரோகிராம். உள்ளே படம் வரைவது வேறு புரோகிராம். தச்சர் சட்டத்தைப் பெரிதாக்கிவிட்டார். ஓவியர் இன்னும் தூரிகையைத் தொடவில்லை. அந்த இடைவெளிதான் கறுப்புப் பட்டை.

இந்த முறைக்கு "எக்ஸ்" என்று பெயர். 1984-ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பிறந்தது. 1987-ல் பதினோராவது பதிப்பு வந்தது. அதுவே நிலைத்துவிட்டது. "ஓவியர் முடித்த பிறகே சட்டத்தை மாற்றலாம்" என்று பிற்பாடு ஓர் ஏற்பாடு சேர்த்தார்கள். எல்லாப் புரோகிராம்களும் அதற்குக் கட்டுப்படவில்லை.

புது முறை

2008-ல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் என்பவர் "வேலாண்ட்" என்ற புது முறையைத் தொடங்கினார். அரைகுறைப் படம் ஒன்றுகூடத் திரைக்கு வரக்கூடாது என்பது குறிக்கோள். "இந்த அளவு வேண்டும்" என்று ஓவியரிடம் முதலில் சொல்லப்படும். அவர் வரைந்து கொடுத்த பின்பே ஜன்னல் மாறும். அதுவரை பழைய படம் அப்படியே நிற்கும்.

கோளாறு தீர்ந்ததா? பட்டை போயிற்று, தாமதம் போகவில்லை. புரோகிராம் மந்தமாக இருந்தால் மவுஸ் முன்னே ஓடுகிறது. ஜன்னல் பின்னே தள்ளாடி வருகிறது. முன்பு பழி தச்சர் மீது. இப்போது ஓவியரின் சோம்பல் அம்பலமாகிறது. யாரைத் திருத்த வேண்டும் என்பதாவது தெரிகிறதே!

பழைய முறைக்கு விடை

லினக்ஸ் வகைகளில் புகழ்பெற்றது "உபுண்டு". 2025 அக்டோபரில் வந்த அதன் பதிப்பில், எக்ஸ் முறையில் நுழையும் வழி நீக்கப்பட்டது. "கே.டி.இ." என்ற இன்னொரு பெரிய குழுவும் அதே ஆண்டில், எக்ஸ் முறையைக் கைவிடப் போவதாக அறிவித்தது. பழையதிலேயே பழகியவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

பழைய புரோகிராம்கள் என்ன ஆகும்? பயம் வேண்டாம். "எக்ஸ்வேலாண்ட்" என்ற துபாஷி நடுவில் நின்று அவற்றை ஓட்டிக் கொடுக்கிறது. ஆனால், அந்த ஜன்னல்களை வேகமாக இழுத்தால், பழைய கறுப்புப் பட்டை இன்னமும் எட்டிப் பார்க்கிறது.