டிபன் பாக்ஸ் மிஸ்ஸுடையது அல்ல

பக்கத்து வீட்டு வாண்டு மூன்றாம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் ஸ்கூல் விட்டு வந்ததும் வராததுமாக எங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்து, காய்ந்து போன எலுமிச்சை சாதத்தை அள்ளி அள்ளித் தின்று கொண்டிருந்தான்.

"ஏண்டா, மத்தியானம் சாப்பிடலையா?"

"கணக்கு முடிச்சவங்க மட்டும் சாப்பிடப் போலாம்னு மிஸ் சொன்னாங்கண்ணா. நான் முடிக்கறதுக்குள்ள பெல் அடிச்சுட்டாங்க."

ஏழு கழித்தல் கணக்கு. விலை ஒரு வேளைச் சோறு. அவன் அழக்கூட இல்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். அவன் அம்மாவோ "அப்பதான் தம்பி புத்தி வரும்" என்கிறார்.

நான் பி.காம். படிக்கிறவன். எதை எடுத்தாலும் இது யாருடைய சொத்து என்று கேட்டுத்தான் பழக்கம். அந்தச் சாதம் காலையில் அந்த அம்மா எழுந்து கிளறியது. அதை ஜப்தி செய்ய மிஸ்ஸுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அரசுப் பள்ளி என்றால் இன்னும் மோசம். 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை மதிய உணவு பிள்ளையின் உரிமை. வீட்டுப்பாடம் முடித்திருந்தால் மட்டும் என்று அதில் எங்கும் இல்லை. 1956-இல் காமராஜர் மதிய உணவுத் திட்டம் கொண்டு வந்ததும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவு ஆரம்பித்ததும், 2022-இல் காலை உணவு வந்ததும் வயிறு காய்ந்தால் பாடம் ஏறாது என்பதால்தானே? முதலில் சோறு, அப்புறம் கணக்கு. இவர்கள் அதை அப்படியே தலைகீழாக்கி விட்டார்கள்.

"பிரம்பையும் பிடுங்கிட்டீங்க, நாற்பது பசங்களை வெச்சுக்கிட்டு நாங்க என்னதான் செய்யறது?" என்று டீச்சர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், நாற்பது வாண்டுகளை என்னால் அரை மணி நேரம்கூட மேய்க்க முடியாது. ஆனால் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடியை மட்டும் தடுக்கவில்லை, மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்துத்தான் தடுக்கிறது. மற்ற பிள்ளைகள் கை கழுவி விட்டு வரும்போது ஒருத்தன் மட்டும் ஸ்லேட்டோடு உட்கார்ந்திருப்பதற்கு வேறு என்ன பெயர்? பிரம்படியாவது தழும்பைக் காட்டிக் கொடுக்கும். பசி காட்டிக் கொடுக்காது.

சரி, தண்டனை தப்பு, மிட்டாய் கொடுத்தால் என்ன தப்பு என்கிறீர்களா? நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்தான் :-) முதல் வருஷம் தெருப்பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுத்தேன். வாய்ப்பாடு ஒப்பித்தால் ஒரு தேன் மிட்டாய். முதல் வாரம் அமர்க்களம். மூன்றாவது வாரம் ஒரு ரெண்டாங்கிளாஸ் பெண் கேட்டது: "அண்ணா, இன்னிக்கு மிட்டாய் இல்லைன்னா நான் சொல்லணுமா?" அதைவிடக் கொடுமை, ஒரு நாளும் ஒப்பிக்க முடியாத ஒரு பையன் மற்றவர்கள் வாயையே பார்த்துக் கொண்டிருந்தது. எனக்கு உறைக்கவே ஒரு மாதம் ஆனது.

அமெரிக்காவில் லியான் பர்ச் என்ற உளவியலாளர் சின்னப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகள் இரண்டு. 1980-இல், பரிசாகக் கொடுத்த தின்பண்டத்தின் மேல் பிள்ளைகளுக்குப் பிரியம் கூடியது. 1984-இல், ஒரு பானத்தைக் குடித்தால் பரிசு என்றபோது அந்தப் பானத்தின் மேல் விருப்பம் குறைந்தது. பானத்துக்கே இந்த கதி என்றால் பதினாறாம் வாய்ப்பாடு என்ன பாடுபடும்?

நேற்று அந்த வாண்டு நோட்டோடு வந்து, "கழித்தல் சீக்கிரமா போடச் சொல்லிக் குடுண்ணா, சாப்பாட்டு பெல்லுக்கு முன்னாடி முடிக்கணும்" என்றான். சொல்லிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? ஸ்கூலுக்குப் போய்க் கேட்டால் "நீ யாருப்பா" என்பார்கள். அவன் அம்மாவிடம் இன்னொரு தரம் பேசிப் பார்க்க வேண்டும். டீச்சர் யாராவது இதைப் படித்தால் தாராளமாகத் திட்டுங்கள். சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகு.